இல்லத்துக்கு 1,500 ரூபாயா, வீட்டுக்கு 1,150 ரூபாயா?

கேள்வி: ஐயா, நான் கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தின், அதாவது பெண்கள் சேமிப்புக் குழுவின், செயலாளர். மொத்தம் பதினைந்து பேர், எல்லோரும் தமிழ்க் குடும்பங்கள். எங்கள் உறுப்பினர் ஒருவரின் கணவர் தேங்காய் பறிக்கிறவர். மூன்று மாதத்துக்கு முன்பு மரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். மகள் ஏழாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. அவள் தோட்ட வேலைக்குப் போய் மாதம் 5,500 ரூபாய் கொண்டுவருகிறாள். மளிகை, காய், பாலுக்கு 4,000, கேஸ் 500, கரண்ட் 200, பள்ளிக்கூட ஆட்டோ 600 என்று செலவு. அதுபோக மைக்ரோ ஃபைனான்ஸில் 31,000 பாக்கி, மாதத் தவணை 3,900. தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து ஆள் வந்து, "ரெண்டு பேரையும் நாங்களே படிக்க வைக்கிறோம், ஒரு கையெழுத்துப் போதும்" என்கிறார். அவளும் "அங்க போனா மூணு வேளை சோறாவது கிடைக்கும்" என்று அரை மனதாக இருக்கிறாள். கூட்டத்தின் சேமிப்பு 62,000 ரூபாய் இருக்கிறது. அதிலிருந்து அந்த இல்லத்துக்கு மாதம் 1,500 கொடுத்து உதவலாம் என்று சிலர் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: சகோதரி, செய்ய வேண்டாம். உதவ வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரி, பணம் போகிற இடம்தான் தவறு.

நீங்கள் எழுதிய கணக்கையே கூட்டிப் பார்த்தேன். செலவு 9,200, வரவு 5,500. துண்டு விழுவது 3,700 ரூபாய். அந்தத் தொகைக்காகத்தான் இரண்டு குழந்தைகள் அம்மாவை விட்டுப் போகப் போகிறார்கள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்பதும் நிச்சயமில்லை. பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு ஓர் இடம், பையன்களுக்கு வேறோர் இடம். அப்பா போய் மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் அக்காவும் தம்பியும் பிரிய வேண்டுமா?

முதலில் அந்தத் தவணையைப் பார்ப்போம். 5,500 வருமானத்தில் 3,900 கடனுக்கே போனால் எந்த வீடும் நிற்காது. கடன் அட்டையை வாங்கி, பணம் கொடுத்த அன்று 'இன்சூரன்ஸ்' என்று ஏதாவது பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். மைக்ரோ ஃபைனான்ஸ் கடன்கள் பலவற்றில் கடன் வாங்கிய பெண்ணோடு கணவர் உயிருக்கும் சேர்த்துக் காப்பீடு இருக்கும். அப்படி இருந்தால் பாக்கி முழுதுமே தள்ளுபடியாக வழி உண்டு. மாதம் தவறாமல் வசூலுக்கு வருகிறவர் இதைத் தானாகச் சொல்லமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். காப்பீடு இல்லை என்றால் தவணையைக் குறைத்துத் தரச் சொல்லி எழுதிக் கேளுங்கள். குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது என்பதுதான் 2022-இல் வந்த ரிசர்வ் வங்கி விதி. கடன் கொடுக்கும் நாளில் பார்க்க வேண்டிய வரம்பு அது. ஆனாலும் மனுவில் எடுத்துச் சொல்லலாம்.

இரண்டும் நடக்கவில்லை என்றால் அப்போது கூட்டத்தின் பணத்துக்கு வருவோம். அது பதினைந்து பேரின் சேமிப்பு. அதை இனாமாகக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை, கடனாகக் கொடுக்கலாம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் 31,000 கொடுத்து மைக்ரோ ஃபைனான்ஸை முடித்துவிடுங்கள். முன்கூட்டியே முடிப்பதற்கு அபராதம் கேட்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. 30 மாதத்தில் திருப்புவதாக வைத்தால் முதல் மாதம் அசல் 1,033, வட்டி 310. அதாவது 1,350 ரூபாய்க்குள். 3,900 இருந்த இடத்தில் 1,350 வந்தால், துண்டு 3,700-லிருந்து 1,150 ஆகிவிடுகிறது. இல்லத்துக்குக் கொடுக்க நினைத்த 1,500-ஐ விட இது குறைவு. மீதிப் பதினான்கு பேர் சேமிப்பைத் தொடாமல் ஆளுக்கு மாதம் 85 ரூபாய் போட்டால் தீர்ந்தது. சேமிப்பில் பாதியை ஒருவருக்கே கொடுப்பதில் ஆபத்து இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். எல்லோரும் சம்மதித்து, மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம் கை மாற வேண்டும்.

இந்த 85 ரூபாயை வருடக்கணக்கில் யாரும் கொடுக்க வேண்டியிராது. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் 'ஸ்பான்சர்ஷிப்' உதவி இருக்கிறது. கணவரை இழந்த அம்மாவோடு வீட்டில் இருக்கும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும். இவளுக்கு 66,000தான் வருகிறது. பாலக்காட்டில் உள்ள மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். அவர்கள் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், பிறகு மாவட்டக் குழு முடிவு செய்யும். நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்து மாதங்கள் ஆகலாம், அதனால்தான் இடைக்காலத்துக்குக் கூட்டத்தை நம்புகிறேன். குழந்தையை இல்லத்துக்கு அனுப்பாமல் தடுப்பதற்கென்றே வைத்த பணம் இது. அனுப்பிவிட்ட பிறகு கேட்பதை விட அனுப்புவதற்கு முன்பு கேட்பது எளிது.

அப்புறம், இறந்தவரின் பாஸ்புக். தேங்காய் பறிக்கிறவர் என்றால் பொள்ளாச்சித் தோப்புகளுக்கும் போயிருப்பார், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கணக்கு இருந்தாலும் இருக்கும். எத்தனை புத்தகம் இருந்தாலும் எல்லாவற்றிலும் பதிவு போட்டு, மே கடைசி, ஜூன் முதல் வாரத்தில் 20 ரூபாய் கழிந்திருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள். அதுதான் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா. விபத்து மரணத்துக்கு 2 லட்சம். 436 ரூபாய் கழிந்திருந்தால் அது ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, அதற்குத் தனியாக 2 லட்சம். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழோடு வங்கிக் கிளையில் கொடுக்க வேண்டும். கூடியவரை 30 நாளுக்குள் என்பார்கள். நாள் கடந்துவிட்டது என்று விட்டுவிடாமல், தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுங்கள். தென்னை வாரியத்தின் கேர சுரக்ஷா காப்பீட்டில் அவர் சேர்ந்திருந்தாரா என்றும் கூட ஏறினவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்த 2 லட்சம் வந்தால், அடகு நகை ஏதாவது இருந்தாலும் அதை மீட்க ஓட வேண்டாம். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போட்டால் மாதம் 1,200 ரூபாய் போல வரும். செல்வமகள் கணக்கு என்று யாராவது சொல்வார்கள். அதைப் பத்து வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இனி முடியாது. கைம்பெண் ஓய்வூதியத்துக்குப் பஞ்சாயத்து, வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருந்தால் தேசியக் குடும்ப நல உதவியின் 20,000-க்கு வில்லேஜ் ஆபீஸ், அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளைகளுக்கான சினேகபூர்வம் உதவிக்குப் பள்ளித் தலைமையாசிரியர் என்று மூன்று இடத்திலும் விசாரியுங்கள்.

'ஒரு கையெழுத்துப் போதும்' என்கிறாரே, அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும், குழந்தையைச் சேர்ப்பது குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு நடக்க வேண்டும். இல்லம் என்பது வேறு வழியே இல்லாதபோது கடைசியாகப் போகிற இடம் என்றுதான் அந்தச் சட்டமும் சொல்கிறது. வறுமை மட்டுமே காரணம் என்றால் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. வழிகாட்டுதல்கள் 2009-லேயே சொல்லிவிட்டன. யாருமே இல்லாத குழந்தைக்கு இல்லம் வேண்டும்தான். இந்தக் குழந்தைகளுக்கு அம்மா இருக்கிறாள், கூடவே நீங்கள் பதினான்கு பேர் இருக்கிறீர்கள். மறுபடி அந்த ஆள் வந்து நெருக்கினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள்.

பணக் கணக்கில் வராத ஒன்றையும் சொல்ல வேண்டும். பையன் மாலை நாலு மணிக்குள் வீடு திரும்புவான், அம்மா தோட்டத்திலிருந்து வர இருட்டிவிடும். "அங்க போனா பார்த்துக்க ஆள் இருக்கும்" என்ற நினைப்பும் அவள் மனதில் இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு ஒன்பது வயதில் அப்பா இறந்தார். அம்மா மில்லுக்குப் போன நாட்களில் எதிர்வீட்டு அத்தை தூக்குப்போசியில் ரசம் சாதம் கொண்டுவந்து திண்ணையில் வைப்பார். நான் சாப்பிட்டு முடித்து, வீட்டுப்பாடத்தை எடுக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார். அதற்கு அவர் ஒரு பைசா வாங்கியதில்லை. நான் வீட்டிலேயே வளர்ந்ததற்கு அம்மாவின் சம்பளம் எவ்வளவு காரணமோ, அந்தத் தூக்குப்போசியும் அவ்வளவு காரணம். உங்கள் கூட்டத்தில் நாளுக்கு ஒரு வீடு என்று ஐந்து பேர் முன்வந்தால் பள்ளிக்கூட நாட்கள் ஐந்தும் நிரம்பிவிடும். மகள் தம்பியைப் பார்த்துக்கொள்வாளே என்று விட்டுவிடாதீர்கள், அவளுக்கும் பன்னிரண்டு வயதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முன்பே அவளைக் கூட்டிப்போய் பாஸ்புக்குகளில் பதிவு போட்டு வாங்கிவிடுங்கள். பாலக்காட்டுக்கு அவளோடு யார் போகிறீர்கள், போகும் நாளின் கூலியை யார் ஈடுகட்டுகிறீர்கள் என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். அந்த 20 ரூபாய் கழிந்த பதிவு கண்ணில் பட்டால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள், படிவத்தை நிரப்ப நான் உதவுகிறேன்.