காசு கட்டியாச்சு, டிக்கெட் எங்கே?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இங்கிலாந்து ரயில் பற்றியவை. பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோர்கள் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனிலிருந்தே டிக்கெட் வாங்கிவிட்டு, அங்கே ஸ்டேஷன் மெஷின் முன்னால் திணறியிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். ஊர்ப் பெயர் மட்டும் போடுகிறேன்.

கேள்வி: மகன் ஜோஹன்னஸ்பர்கில் இருந்தபடியே தன் கார்டில் எங்கள் இருவருக்கும் லண்டன் – லீட்ஸ் டிக்கெட் வாங்கிவிட்டான். "ஸ்டேஷன் மெஷினில் எடுத்துக்கோங்க" என்கிறான். அவன் கார்டு எங்களிடம் இல்லையே, எடுக்க முடியுமா? – சாட்ஸ்வொர்த் வாசகி

பெரும்பாலும் முடியும் அம்மா. இப்போது அநேக இடங்களில் உங்கள் கையில் இருக்கிற ஏதாவது ஒரு வங்கிக் கார்டைச் செருகி, மகனுக்கு மின்னஞ்சலில் வந்த ரெஃபரன்ஸை அடித்தால் போதும். கார்டிலிருந்து பணம் பிடிக்க மாட்டார்கள். வாங்கிய அதே கார்டைக் கேட்கிற தளங்களும் உண்டு. அப்படியானால் மின்னஞ்சலில் எழுதியிருக்கும். புறப்படும் முன் மகனை அதை ஒரு தரம் முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள்.

அந்த மின்னஞ்சலில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ஆர்டர் எண். அதை மெஷினில் அடித்தால் ஒன்றும் நடக்காது. டிக்கெட் எடுப்பதற்கென்று எழுத்தும் எண்ணும் கலந்து 8 இடங்களில் ஒன்று தந்திருப்பார்கள், அதுதான் வேண்டும். அதைக் காகிதத்தில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். போனை மட்டும் நம்ப வேண்டாம். 'உலகம் முழுவதும்' என்று அட்டையில் போட்ட அடாப்டர் ஒன்றை நான் வாங்கினேன். நம் ஊர் மூன்று உருண்டை முள் பிளக்கைத் தவிர மற்ற எல்லாம் அதில் நுழையும். லண்டனில் போய் இறங்கிய அன்றே சார்ஜ் தீர்ந்தது.

அப்புறம், ரயில் நேரத்துக்குக் கால் மணி முன்னால் போய் மெஷினைத் தேடாதீர்கள். இப்படி டிக்கெட் தருகிற மெஷின் இருக்கும் எந்த ஸ்டேஷனிலும் எடுக்கலாம் என்பதுதான் பொதுவான வழக்கம், அதனால் முந்தின நாளே எடுத்துவிடுங்கள். லீட்ஸ் ரயில் கிங்ஸ் கிராஸிலிருந்து கிளம்பும். அங்கே ஆள் இருக்கிற கவுன்ட்டரும் உண்டு, மெஷின் அடம்பிடித்தால் கேட்கலாம். அடுத்த தடவை மகன் 'இ-டிக்கெட்' என்று தேர்ந்தெடுத்தால் இந்தப் பாடு ஒன்றும் வேண்டியதில்லை, பார்கோடைப் போனில் காட்டலாம், வீட்டிலேயே அச்சடித்தும் போகலாம்.

கேள்வி: மெஷினில் எடுக்க வேண்டிய டிக்கெட்டுக்கு, பணம் கட்டிய மின்னஞ்சலைக் காட்டினால் விட மாட்டார்களா? – டொங்காட் வாசகர்

மாட்டார்கள்.

கேள்வி: மெஷினிலிருந்து இரண்டு அட்டைகள் விழுந்தன, எடுத்துக்கொண்டு ஓடினேன். ரயிலில் பரிசோதகர், "இது சீட் ரிசர்வேஷன், டிக்கெட் இல்லை" என்று அபராதம் போட்டார். அநியாயம் இல்லையா? – ஃபீனிக்ஸ் வாசகர்

அநியாயம் இல்லை ஐயா, அவசரம். ஒரு புக்கிங்குக்குப் போகிற டிக்கெட், திரும்புகிற டிக்கெட், சீட் ரிசர்வேஷன், ரசீது என்று பல அட்டைகள் வரும். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், எழுத்தைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். படிக்க அரை நிமிடம்கூட ஆகாது. திரை 'முடிந்தது' என்று சொல்கிற வரை அங்கேயே நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது. நீங்கள் விட்டுவிட்டுப் போன டிக்கெட் அந்தத் தட்டிலேயே கிடந்திருக்கும், இல்லை யாராவது எடுத்துப் போயிருப்பார்கள். ஒரு தரம் அச்சடித்ததை மெஷின் மறுபடி தராது.

2023 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் இந்த அபராதம் 100 பவுண்டு, அதோடு ஒரு வழிக் கட்டணமும் சேரும். 21 நாளுக்குள் கட்டினால் 100 என்பது 50 ஆகும். மேல்முறையீடு செய்வதற்கும் அதே 21 நாள்தான். புக்கிங் விவரத்தை வைத்து எழுதிப் பாருங்கள், இரக்கம் காட்டினாலும் காட்டலாம். என்னிடம் கேட்டால், காட்டியிருக்க மாட்டேன்.

கேள்வி: கிராமத்து ஸ்டேஷன். இருந்ததே ஒரு மெஷின், திரை கறுப்பாக இருந்தது. கவுன்ட்டரும் மூடியிருந்தது. ரயிலில் ஏறியதும் கண்டக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை, முழு விலைக்குப் புது டிக்கெட் எடுக்க வைத்தார். என்னைத் திருடி மாதிரி பார்த்தது இன்னும் மனசில் நிற்கிறது. – பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

நீங்கள் செய்ததில் ஒரு குறையும் இல்லை அம்மா. ஒளிந்து உட்காராமல் நீங்களாகப் போய்ச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தை விடாதீர்கள்.

முதல் டிக்கெட் அச்சாகவே இல்லை என்பது விற்றவர்களின் கணினியில் தெரியும். அதுதான் உங்கள் பலம். முதல் புக்கிங்கின் ரெஃபரன்ஸ், ரயிலில் வாங்கிய டிக்கெட், இரண்டு தொகையும் தெரிகிற வங்கிக் கணக்கு, ஸ்டேஷன் பெயர், தேதி, நேரம் எல்லாவற்றையும் சேர்த்து அந்த ரயில் கம்பெனிக்கு எழுதுங்கள். மெஷின் அன்று பழுது என்பது அவர்கள் பதிவில் இருக்க வேண்டும், அதைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது டிக்கெட்டின் பணத்தைத்தான் திருப்பிக் கேட்க வேண்டும். முதலாவதைக் கேட்டால், "அட்வான்ஸ் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

மற்றவர்களுக்கு: செத்த மெஷினைக் கண்டால் முதல் வேலையாக, ஸ்டேஷன் பெயர்ப் பலகையும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே ரயில், ஒரே நேரம், ஒரே சீட். ஒரு தளத்தில் ஒரு விலை, இன்னொன்றில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஏன்? – அம்லாசி வாசகர்

என் வாயைக் கிளறிவிட்டீர்கள்.

அந்தக் 'கொஞ்சம்' புக்கிங் கட்டணம். இங்கிலாந்தில் ரயில் கம்பெனிகள் தங்கள் சொந்தத் தளத்தில் அதை வாங்குவதில்லை. மற்றக் கம்பெனிகளின் ரயிலுக்கும் அங்கேயே டிக்கெட் கிடைக்கும், விலையும் அதேதான். டிரெயின்லைன் மாதிரி இடைத்தளங்கள் பல பயணங்களுக்குக் கட்டணம் சேர்க்கின்றன. விளம்பரம் செய்கிறவர்கள் அவர்கள்தான், அதனால் நமக்குத் தெரிந்த பெயரும் அவர்கள் பெயர்தான்.

எனக்கு ஆத்திரம் தொகையில் இல்லை. அந்தக் காலத்தில் நாடகம், கச்சேரிக்கு டிக்கெட் விற்கிற கம்ப்யூடிக்கெட் கவுன்ட்டரில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். சீட் படத்தைக் காட்டுவார், தூணுக்குப் பின்னால் இருக்கிற சீட்டை வேண்டாம் என்பார், அச்சடித்து உறையில் போட்டுத் தருவார். அந்த வேலைக்குக் காசு கேட்டால் நியாயம். இன்றைக்கு ஊர் பெயரை அடிப்பது நான், சீட்டைத் தேடுவது நான், கார்டு எண்ணைப் போடுவது நான். கடைசியில் ஸ்டேஷனுக்குப் போய் வரிசையில் நின்று மெஷினில் அச்சடிப்பதும் நான். வேலை முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டு, அதற்குக் கட்டணமும் என்னிடமே வாங்குகிறார்கள். அதையாவது முதல் பக்கத்தில் சொல்கிறார்களா? எல்லாம் நிரப்பி முடித்து, இனி யார் திரும்பப் போய்த் தேடுவது என்று அலுத்துப்போன நேரத்தில் கடைசிப் பக்கத்தில் வந்து நிற்கும். அப்படி அலுத்துப்போய் நானும் எத்தனையோ தரம் கட்டியிருக்கிறேன். ஒரு தடவை ரயிலை ரத்து செய்தார்கள், டிக்கெட் பணம் வந்தது, புக்கிங் கட்டணம் வரவில்லை.

ஆகவே விலையை முதல் பக்கத்தில் ஒப்பிடாதீர்கள், கடைசிப் பக்கத்தில் ஒப்பிடுங்கள். இன்னொன்று. பவுண்டில் கட்டவா, ராண்டில் கட்டவா என்று கேட்டால் பவுண்டைத் தொடுங்கள். ராண்டில் காட்டுகிற தொகையில் அவர்கள் வைக்கிற மாற்று விகிதம் பெரும்பாலும் உங்கள் வங்கியுடையதைவிட மோசமாக இருக்கும்.

கேள்வி: இணையத்தில் வாங்கியதை 7 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம் என்று நம் சட்டத்தில் இருக்கிறதே. பஸ் டிக்கெட்டையும் திருப்பலாமா? – வெருலம் வாசகர்

2002-ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தைச் சொல்கிறீர்கள். 7 நாள் உண்மைதான். ஆனால் குறிப்பிட்ட தேதிக்கான பயணம், தங்குமிடம் போன்றவற்றை அதிலிருந்து விலக்கியிருக்கிறார்கள். இது உங்களுக்கு உதவாது. அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு டர்பன் – ஜோஹன்னஸ்பர்க் பஸ் டிக்கெட் எடுத்திருந்தேன். முந்தின நாள் இரவு அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். "ரீஃபண்ட் கிடையாது, விதிமுறையைப் பாருங்கள்" என்கிறார்கள். – ஐசிபிங்கோ வாசகர்

அவர்களைச் சட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 17-ஆம் பிரிவு. முன்பதிவை ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. சாதாரண ரத்துக்கு நியாயமான கட்டணம் பிடித்துக்கொள்ளலாம். யாருக்காகப் பதிவு செய்தீர்களோ அவர் இறந்துவிட்டாலோ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாலோ அந்தக் கட்டணமும் பிடிக்கக் கூடாது. கம்பெனியின் விதிமுறை இதற்கு மேலே நிற்க முடியாது.

ஆஸ்பத்திரிக் கடிதத்தை இணைத்து, பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். போனில் பேசிப் பயனில்லை. அப்படியும் மறுத்தால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் போகும் என்று கடைசி வரியில் சேருங்கள். அப்பா எப்படி இருக்கிறார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு ரயில் டிக்கெட் என்று வந்தது. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக இஎஃப்டி செய்தேன். கொடுத்த ரெஃபரன்ஸை மெஷின் ஏற்கவில்லை, அந்த நம்பரும் இப்போது எடுப்பதில்லை. – லெனேசியா வாசகி

இன்றைக்கே வங்கியின் மோசடிப் பிரிவுக்குச் சொல்லுங்கள், போலீஸில் கேஸ் நம்பர் வாங்குங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருந்திருக்கும். இஎஃப்டி போனால் மீட்பது கஷ்டம். உங்களைத் திட்ட மனம் வரவில்லை. ஏமாற்றியவன் வேலை தெரிந்தவன், நிஜ ரெஃபரன்ஸ் மாதிரியே அனுப்பியிருக்கிறான்.

கேள்வி: சென்னையிலிருந்து வந்திருக்கிறோம். ஜோஹன்னஸ்பர்கில் சாண்டனிலிருந்து விமான நிலையத்துக்கு கௌட்ரெயின் என்கிற வேக ரயிலில் போக, முதலில் மெஷினில் கார்டு வாங்க வேண்டுமா? – மிட்ராண்ட் வாசகர்

வேண்டாம். தட்டிக் கட்டுகிற வங்கிக் கார்டு இருந்தால் கேட்டில் அதையே தட்டிப் போகலாம். உள்ளே போகத் தட்டிய அதே கார்டைத்தான் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். வீட்டுக்காரம்மாவுக்குத் தனிக் கார்டு, ஒன்றை வைத்து இரண்டு பேர் போக முடியாது.