சோதனையில் பிடிபட்ட குத்துச்சண்டை வீரர்கள் மீண்டும் களம் இறங்குவது எப்படி?

ஊக்கமருந்துச் சோதனையில் பிடிபட்ட தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர்கள் ஓரிரு ஆண்டுகளில் திரும்பி வந்து பெருந்தொகை சம்பாதிக்கிறார்களே, அது அவ்வளவு பெரிய குற்றம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய குற்றம்தான். ஓட்டப்போட்டியில் மருந்து எடுத்தவன் அடுத்தவனின் பதக்கத்தைப் பறிக்கிறான். குத்துச்சண்டையில் அந்த மருந்து தந்த பலம் எதிரே நிற்பவனின் தலையில் போய் இறங்குகிறது.

நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பாமசியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். மாலையில் பெடியன்கள் குத்துச்சண்டை பழகும் இடத்துக்கும் போய்வருவேன். 2022 ஒக்டோபரில், கிறிஸ் யூபாங் ஜூனியருடன் மோத இருந்த பிரித்தானிய வீரர் கொனர் பென்னின் மாதிரியில் குளோமிஃபீன் காணப்பட்டதாகச் செய்தி வந்தபோது, என்னால் நம்ப முடியவில்லை. பிள்ளைப்பேறு தள்ளிப்போகும் பெண்களுக்கு மருத்துவர்கள் ஐந்து நாளைக்கு என்று துண்டில் எழுதிவிட, நான் நாள்தோறும் எண்ணிக் கொடுக்கும் சின்ன மாத்திரை அது. ஆணின் உடலில் அதே மாத்திரை ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதாக மூளையை நம்பவைக்க, மூளை விரைகளை முடுக்கிவிட, டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று பென் தொடர்ந்து மறுத்தே வந்தார்.

அவரைச் சோதித்தது லாஸ் வேகாஸில் இயங்கும் தன்னார்வ ஊக்கமருந்து எதிர்ப்புச் சங்கம். முடிவை அறிவிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. தடை விதிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. பிரித்தானியக் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டுச் சபை அந்தப் போட்டியைத் தடுத்தது, ஆனால் அடுத்த ஆண்டு செப்டெம்பரிலேயே பென் அமெரிக்காவின் புளோரிடாவில் சண்டையிட்டார். உலகம் முழுவதையும் கட்டுப்படுத்தும் ஒரே சபை இந்த விளையாட்டில் இல்லாததால், ஓரிடத்தில் மூடிய கதவு இன்னோரிடத்தில் திறந்தே கிடக்கிறது. 2025 ஏப்ரலில் அதே யூபாங்குடன் இலண்டனில், நிரம்பிவழிந்த உதைபந்தாட்ட அரங்கொன்றில் அவர் மோதினார்.

என்னை மிகவும் வருத்தியது அமெரிக்க வீரர் ரயன் கார்சியாவின் விடயம். 2024 ஏப்ரல் 20 அன்று நியூயோர்க்கில் நடந்த அந்தச் சண்டை இங்கே எங்களுக்கு ஞாயிறு காலை. கார்சியாவின் அடியில் எதிராளி டெவின் ஹேனி மூன்று முறை விழுந்தெழுந்ததை நானும் பெடியன்களும் ஒரே கைபேசியில் பார்த்தோம். சண்டைக்கு முதல் நாளும் சண்டை நாளிலும் கார்சியாவிடம் எடுத்த மாதிரிகளில், தசையைப் பெருக்கும் தடைசெய்யப்பட்ட மருந்தான ஒஸ்டரின் இருந்தது பின்னர்தான் வெளிவந்தது. கார்சியாவுக்கு ஓராண்டுத் தடை விதித்து, போட்டியைச் செல்லாததாக்கினார்கள். ஹேனி வாங்கிய அடிகளை யார் செல்லாததாக்குவது?

தெரியாமல் உடலில் சேர்வதும் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். பிரித்தானிய வீரர் அமீர் கானின் மாதிரியில் ஒஸ்டரின் இருந்தபோது, வேண்டுமென்று எடுக்கவில்லை என்பதை விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டும், அவருக்கு இரண்டாண்டுத் தடை கிடைத்தது. அது கடுமைதான், ஆயினும் சரி என்றே நினைக்கிறேன். நம் இலங்கையின் மஞ்சு வன்னியாராச்சி 2010 டெல்லிப் பொதுநலவாய விளையாட்டில் வென்ற தங்கமும் நன்ட்ரோலோன் என்ற ஸ்டீரோய்ட் மருந்தால்தான் பறிபோனது. அவர் தொழில்முறை வீரர் அல்லர், ஆனால் அன்று எனக்கு வலித்தது.

சென்ற மாதம் பதினேழு வயதுத் தம்பி ஒருவன் வெளிநாட்டில் இருக்கும் மாமா அனுப்பிய புரதமாப் பேணியைக் கொண்டுவந்து காட்டினான். உள்ளடக்கம் எழுதிய இடத்தின்மேல் விலைத்துண்டு ஒட்டியிருந்தது. நகத்தால் மெல்ல உரித்து, எழுத்துகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சொல்லையும் தடைப்பட்டியலோடு ஒப்பிட்டு முடிக்கும்வரை பேணியைத் திறப்பதில்லை என்று அவனும் ஒப்புக்கொண்டிருக்கிறான்.