மூலிகை கேப்ஸ்யூல் எடுத்தா உடம்பு குறையுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 36 வயசு, 84 கிலோ இருந்தேன். ஒரு மாசமா குடம்புளியும் கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட்டும் சேர்ந்த கேப்ஸ்யூல் வெறும் வயித்துல எடுக்கறேன், ராத்திரி சாப்பாட்டையும் குறைச்சுட்டேன், 2 கிலோ குறைஞ்சிருக்கு. பிரஷர் மாத்திரையும் ஓடுது. செடியில இருந்து வர்றதுதானே, தொடர்ந்து எடுக்கலாமா?

பதில்: வணக்கம்மா. 2 கிலோ குறைஞ்சது சந்தோஷம், ஆனா அந்தப் பேரை கேப்ஸ்யூலுக்கு குடுத்துடாதீங்க, ராத்திரி சாப்பாட்டை குறைச்சது நீங்கதானே. குடம்புளித் தோல்ல இருக்கற ஹைட்ராக்ஸி சிட்ரிக் ஆசிட், உடம்புல கொழுப்பு உருவாக உதவுற ஒரு என்சைமை தடுக்கும், அதை வெச்சுதான் இவ்வளவு பேச்சு. 1998ல வந்த ஆய்வுல 135 பேரை ரெண்டா பிரிச்சு 12 வாரம் பாத்தாங்க, எல்லாருக்கும் ஒரே டயட், ஒரு குரூப்புக்கு இந்த எக்ஸ்ட்ராக்ட், இன்னொரு குரூப்புக்கு மருந்தே இல்லாத டம்மி. எக்ஸ்ட்ராக்ட் எடுத்தவங்க சராசரியா 3.2 கிலோ குறைஞ்சாங்க, டம்மி எடுத்தவங்க 4.1 கிலோ! ரெண்டு பக்கமும் குறைச்சது டயட்தான்.

செடியில மருந்தே இல்லன்னு நான் சொல்லவே இல்ல, சுகருக்கு குடுக்கற மெட்ஃபார்மினே கலேகாங்கற செடியில இருந்த பொருளை வெச்சு வந்ததுதான். ஆனா கிரீன் டீயை கப்புல குடிக்கறது வேற, பல கப்புல இருக்கறதை சுண்டவெச்சு ஒரு கேப்ஸ்யூல்ல அடைக்கறது வேற. அதுல இருக்கற ஈஜிசிஜிங்கற பொருள் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம் தாண்டினா ரத்தத்துல லிவர் என்சைம் ஏறலாம், அதாவது லிவர் பாதிக்கப்படற அறிகுறி தெரியலாம்னு ஐரோப்பிய உணவு பாதுகாப்பு ஆணையம் 2018லயே சொல்லிருக்கு, வெறும் வயித்துல எடுத்தா இன்னும் அதிகமா ரத்தத்துல சேரும், நீங்க அப்படித்தான் எடுக்கறீங்க. குடம்புளி எக்ஸ்ட்ராக்டாலயும் சிலருக்கு லிவர் கெட்டுப்போயிருக்கு.

எனக்கு இன்னும் பெரிய கவலை உங்க பிரஷர்தான். மூலிகைன்னு லேபிள் ஒட்டின சில எடை குறைப்பு மாத்திரைகள்ல சிபுட்ராமின்ங்கற பசியை அடக்கற மருந்தை சொல்லாம கலந்து பிடிபட்டிருக்காங்க, அது பிரஷரையும் நாடித்துடிப்பையும் ஏத்தும், ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் பயத்தால 2010ல அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் நிறுத்தின மருந்து அது. உங்களோடதுல இருக்குன்னு சொல்லல, ஆனா லேபிளை மட்டும் பாத்து இல்லன்னும் சொல்ல முடியாது.

அதனால இன்னைக்கே கேப்ஸ்யூலை நிறுத்துங்க, ராத்திரி சாப்பாட்டை குறைச்சதை விடாதீங்க, பிரஷர் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. இந்த வாரமே பிரஷரும் லிவர் டெஸ்ட்டும் பாத்துடுங்க. கண்ணு மஞ்சளா தெரிஞ்சாலோ, யூரின் அடர் நிறமா போனாலோ, வலது பக்கம் விலாவுக்கு கீழ வலிச்சாலோ அன்னைக்கே போகணும். போறப்ப அந்த கேப்ஸ்யூல் டப்பாவையும் கையோட எடுத்துட்டு போங்கம்மா.