விலை உயர்ந்த வாட்ச், வாரண்டி முடிந்த பிறகு பழுதானால் நாம் ஏதாவது கேட்க முடியுமா?

கேட்கலாம். யாரிடம் கேட்கிறோம், எதைக் காட்டிக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கிறீர்கள் என்றால், சர்வீஸ் சென்டரிலிருந்து எஸ்டிமேட் வந்திருக்கும். பார்த்ததும் தலை சுற்றியிருக்கும். கவுன்ட்டரில் இருந்தவர் "வாரண்டி முடிஞ்சிடுச்சு சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லியிருப்பார். அதே வசனத்தை நானும் கேட்டு வயிறெரிந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஃபோன்லயே மணி தெரியுதே, எதுக்கு இவ்வளவு விலையில வாட்ச்?" என்று ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது என் பணம், என் ஆசை. பொருள் தேவையா ஆடம்பரமா என்று பார்த்து எந்த நுகர்வோர் சட்டமும் உரிமையைக் கூட்டிக் குறைப்பதில்லை. இன்னொன்று, நான் வக்கீல் இல்லை. சண்டை போட்ட அனுபவத்திலும், அதற்காகப் படித்துத் தெரிந்துகொண்டதிலும்தான் எழுதுகிறேன்.

என்னுடையது ஆட்டோமேட்டிக், அதாவது பேட்டரி இல்லாமல் கை அசைவிலேயே சாவி ஏறி ஓடுகிற வாட்ச். 100 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று பின் மூடியிலேயே பொறித்திருந்தது. வாரண்டி இரண்டு வருஷம். அது முடிந்து சில மாதங்களில் ஒருநாள் கண்ணாடிக்கு உள்பக்கம் லேசாக ஆவி படிந்திருந்தது. மத்தியானத்துக்குள் மறைந்தும் விட்டது. அப்புறம் நேரம் பின்வாங்க ஆரம்பித்தது. கடைசியில் குலுக்கினால் ஓடும், வைத்தால் நின்றுவிடும். நான் நீச்சல் அடிக்கிறவன் இல்லை. மழையில் நனைந்ததும் கை கழுவியதும்தான் அது பார்த்த தண்ணீர்.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கொடுப்பதற்கு முன் தெரிந்த வாட்ச் மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். வெளியே மட்டும் பார்க்கச் சொன்னேன், திறக்க விடவில்லை. வெளி ஆள் திறந்தார் என்று தெரிந்தால் கம்பெனிக்கு அதுவே போதும், பழியை அவர் தலையில் கட்டிவிடுவார்கள். அவர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பின் மூடியின் ஓரத்தில், அதைத் திறக்கும் சாவியை மாட்டும் வெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஒரு கீறல் இல்ல சார். இதை யாரும் தொறந்ததே இல்ல" என்றார். பேட்டரி வாட்ச் என்றால் பேட்டரி மாற்ற ஒரு தடவையாவது திறந்திருப்பார்கள். ஆட்டோமேட்டிக்கில் அந்தத் தேவையே வரவில்லை. சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி, அந்த வெட்டுகள் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஃபோட்டோ எடுத்துக்கொண்டுதான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எஸ்டிமேட் வந்தது. "நீர் புகுந்துள்ளது, பயன்படுத்தியவரின் கவனக்குறைவு." மூவ்மென்ட் (வாட்சை ஓட்டுகிற உள் இயந்திரம்), டயல், முள் எல்லாம் மாற்ற வேண்டுமாம். கூடவே, நான் பயந்து உடனே பணம் கட்டிவிடுவேன் என்று நினைத்தோ என்னவோ, உள்ளே பிடித்த துருவை ஃபோட்டோ எடுத்தும் அனுப்பியிருந்தார்கள். அந்த ஃபோட்டோதான் என்னைக் காப்பாற்றியது. பின் மூடிக்கு அடியில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும், கேஸ்கெட் என்பார்கள். அது தன் பள்ளத்துக்குள் முழுசாக உட்கார வேண்டும். என் வாட்சில் ஒரு இடத்தில் மட்டும் பள்ளத்தை விட்டு வெளியே வந்து, மூடிக்கு அடியில் நசுங்கி, தட்டையாகக் கிடந்தது. மூடியின் விளிம்பு அழுந்திய தடம்கூட ரப்பரில் அப்படியே இருந்தது. துருவும் சரியாக அந்தப் பக்கத்தில்தான் பிறை வடிவில் பிடித்திருந்தது.

விற்ற பிறகு யாரும் திறக்காத வாட்சில் கேஸ்கெட் நசுங்கியிருக்கிறது என்றால், மூடியபோதே தப்பாக மூடியிருக்கிறார்கள். இதில் என் கவனக்குறைவு எங்கே வந்தது?

அவர்களும் சும்மா விடவில்லை. "அப்படின்னா ரெண்டு வருஷம் எப்படி சார் ஓடுச்சு?" என்றார்கள். நியாயமான கேள்விதான். மெக்கானிக்கிடம் கேட்டேன். ரப்பர் புதிதாக இருக்கும்வரை நசுங்கினாலும் ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும், வியர்வையும் சோப்பும் பட்டு இறுகிய பிறகு இடைவெளி விழும் என்றார். அதை அவர் லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். நீங்களும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். பழுதுக்குக் காரணம் என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். ரிப்பேருக்குச் சம்மதம் கொடுப்பதற்கு முன்னால் வாங்குங்கள். சரிசெய்துவிட்டால் தடயமும் அதோடு போய்விடும்.

சட்டத்துக்கு வருகிறேன். வாரண்டி என்பது கம்பெனி தானாகக் கொடுக்கிற வாக்கு. பொருள் தரமாக இருக்க வேண்டும், நியாயமான காலம் உழைக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது வேறு. முதலாவது முடிந்தால் இரண்டாவதும் முடிந்தது என்று கவுன்ட்டரில் சொல்வார்கள், நம்பாதீர்கள். பிரிட்டனில் 2015-ம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொறுப்பு விற்ற கடைக்கு. முதல் 6 மாதத்துக்குள் பழுதானால் குறை முன்பே இல்லை என்று கடைதான் நிரூபிக்க வேண்டும். அதற்குப் பிறகு நிரூபிக்கும் சுமை நம்முடையது, ஆனால் இங்கிலாந்தில் 6 ஆண்டுவரை வழக்குப் போட வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது 2 ஆண்டு சட்டப் பாதுகாப்பு. ஆஸ்திரேலியாவில் இத்தனை ஆண்டு என்ற கணக்கே கிடையாது. பொருளின் தன்மையையும் விலையையும் வைத்து எவ்வளவு காலம் உழைத்திருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள், அதனால் விலை கூடினால் எதிர்பார்ப்பும் கூடும். இந்தியாவில் 2019 சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். தயாரிப்பிலேயே இருந்த குறை என்று காட்ட வேண்டியது நம் பாடு. அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் பதியலாம்.

நான் கடைக்குத்தான் எழுதினேன். கடை கம்பெனியைக் காட்டியது, கம்பெனி சர்வீஸ் சென்டரைக் காட்டியது. மறுபடியும் கடைக்கே எழுதினேன், இந்த முறை ஃபோட்டோ, மெக்கானிக் கடிதம், பில் நகல், பதிலுக்கு ஒரு கடைசித் தேதி எல்லாம் சேர்த்து. இன்னொரு வாதமும் வைத்தேன். ரோலெக்ஸ் 2015-லும் ஒமேகா 2018-லும் வாரண்டியை 5 ஆண்டாக்கிவிட்டன. இந்தத் தொழிலில் இருப்பவர்களே ஒரு நல்ல மெக்கானிக்கல் வாட்ச் அவ்வளவு காலம் பழுதில்லாமல் ஓடும் என்று ஒப்புக்கொள்ளும்போது, இரண்டு வருஷத்தில் நிற்பதை எப்படித் தேய்மானம் என்பீர்கள்?

பில் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இவ்வளவு விலைக்கு ஒரு பொருளை விற்றுவிட்டு, பில்லை மட்டும் அந்த வழவழப்பான வெப்பத்தாளில் அடித்துத் தருகிறார்களே, இதை யாருமே கேட்க மாட்டார்களா? பீரோவுக்குள் வைத்தாலும் எழுத்து மங்கிப்போகிறது. வாரண்டி வேண்டுமென்றால் பில் கொண்டு வா என்பார்கள், கொண்டுபோனால் வெள்ளைத்தாளைத்தான் நீட்ட வேண்டியிருக்கும். வாங்கிய அன்றே நகல் எடுத்து வைத்ததால் நான் பிழைத்தேன். என் மச்சானுக்கு வாஷிங் மெஷின் விஷயத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அது தனிக் கதை, விடுங்கள்.

கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. மூவ்மென்ட் இலவசம், டயலுக்கும் முள்ளுக்கும் நான் பணம் கட்டினேன். "இது எங்கள் பொறுப்பை ஒப்புக்கொள்வதாகாது" என்று கடிதத்தில் ஒரு வரி மறக்காமல் சேர்த்திருந்தார்கள். முழுசாக ஜெயித்திருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். ஆணையத்துக்குப் போய் அலைய அப்போது எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

எல்லாப் பழுதுக்கும் இப்படிக் கேட்க முடியாது, அதையும் சொல்ல வேண்டும். மணிக்கு 28,800 துடிப்பு உள்ள மூவ்மென்ட் வருஷத்துக்கு 25 கோடிக்கு மேல் துடிக்கிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் காலப்போக்கில் காயத்தான் செய்யும். பல வருஷம் சர்வீஸே பார்க்காமல் ஓட்டிவிட்டு, நின்றதும் சட்டம் பேசினால் எடுபடாது. கீழே போட்டது, வெந்நீர் ஷவரில் கட்டிக்கொண்டே குளித்தது, காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்தது, இதெல்லாம் நம் கணக்கு. 30 மீட்டர் என்று போட்டிருப்பதை நம்பி நீச்சல் குளத்தில் குதிப்பதும் அப்படித்தான். அது சோதனைச்சாலை அழுத்தக் கணக்கு, முப்பது மீட்டர் ஆழத்துக்கு அனுமதிச் சீட்டு இல்லை.

சர்வீஸ் சென்டரின் விலை பிடிக்கவில்லை, வெளியே கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தால் அங்கேயும் ஒரு பூட்டு உண்டு. பல பிராண்டுகள் வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரி பாகமே விற்பதில்லை. நியூசிலாந்தின் 1993 சட்டமும் மலேசியாவின் 1999 சட்டமும் நியாயமான காலத்துக்கு உதிரி பாகமும் ரிப்பேர் வசதியும் கிடைக்க வேண்டும் என்கின்றன. அந்த நாடுகளில் இருந்தால் இதையும் கடிதத்தில் சேருங்கள்.

வேலைக்குச் சம்மதம் சொல்லும்போது, கழற்றிய பாகங்கள் எனக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பாலிஷ் வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள். என் வாட்சைக் கேட்காமலே பாலிஷ் போட்டு, கேஸின் கூர்மையான விளிம்புகளை மொழுமொழுவென்று ஆக்கி அனுப்பினார்கள். அதற்கும் ஒரு புகார் அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.