நினைவுத் தோப்பு: கன்றுக்கு முன் பாதை

ஊரில் இறந்தவர்களின் நினைவாக ஒரு தோப்பு வளர்க்க விரும்புகிறோம், முதியவர்களும் நடக்க இயலாதவர்களும் வந்து அமரும்படி அதை எப்படி அமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த மரம் நடலாம் என்றுதான் நீங்களும் இப்போது யோசித்துக்கொண்டிருப்பீர்கள். நாங்களும் அங்கேதான் தொடங்கித் தவறு செய்தோம்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில் உள்ள கடலோர ஊர் எங்களுடையது. கடலுக்குப் போய் உடல்கூடக் கரை சேராதவர்கள் இங்கே பல வீடுகளில் உண்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களும் உண்டு. என் அண்ணனும் கடலிலிருந்து திரும்பாதவர். புதைத்த இடம் என்று ஒன்று இல்லாதவர்களை நினைக்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காக, பொதுநிலத்தில் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை வேரோடு தோண்டி எடுத்துவிட்டு (தூரை விட்டு வெட்டினால் மறுபடியும் தழைத்துவிடும்), பூவரசும் புன்னையும் வேம்பும் நட்டு, ஒவ்வொரு கன்றின் அருகிலும் துளையிட்ட மண்பானையைப் புதைத்து நீர் ஊற்றி மூன்று கோடைகளைக் கடத்தினோம்.

நான்காம் ஆண்டு, அண்ணனின் நினைவு நாளில் அம்மாவைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனேன். பத்தடி போவதற்குள் முன்பக்கச் சிறு சக்கரங்கள் இரண்டும் மணலில் புதைந்துவிட்டன. நாற்காலியோடு தூக்கிச் செல்ல இளைஞர்கள் நால்வர் முன்வந்தபோது அம்மா கையை நீட்டித் தடுத்தார். "எம் மகனப் பாக்கப் போறதுக்கு நாலு பேரு தோளு வேணாம்ப்பா. அது நான் போறப்ப இருக்கட்டும்" என்றார். அன்று வேலியோரத்திலேயே இருந்துவிட்டுத் திரும்பினார்.

அதன் பிறகுதான் பாதை போட்டோம். மணலை முக்கால் அடி தோண்டி, உடைகல்லும் சரளையும் பரப்பித் திமிசுக்கட்டையால் இடித்து, மேலே கல் பதித்தோம். நாற்காலி செல்ல மூன்றடி அகலம் போதும் என்றாலும், உடன் வருபவர் கையைப் பிடித்தபடி பக்கத்தில் நடக்க வேண்டும் என்பதால் ஐந்தடி வைத்தோம். நாற்காலியைத் திருப்பவும் அது வசதி. ஓரக்கல்லைப் பாதையைவிட மூன்று அங்குலம் உயர்த்தியதால் சக்கரம் நழுவுவதில்லை, பார்வையற்றவரின் கோலுக்கும் அது வழிகாட்டுகிறது. ஏற்றம் வரும் இடத்தில் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமாவது சரிவு வேண்டும். இதைச் சொல்லும்போது, அம்மாவின் உதவித்தொகைக்காக நாங்கள் போன ஓர் அலுவலகத்தின் சாய்தளம் நினைவுக்கு வருகிறது: மூன்று படி உயரத்துக்கு நான்கடி நீளம், இருவர் பிடித்தும் நாற்காலி பின்னோக்கி உருண்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வந்த பிறகும் கணக்குக் காட்டுவதற்காக மட்டுமே இப்படிக் கட்டுகிறார்கள் என்ற கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

இருக்கைகளுக்குக் கைப்பிடி வையுங்கள். முதியவர்களுக்கு உட்காருவதைவிட எழுவதுதான் பாடு. பக்கத்திலேயே ஒரு நாற்காலி நிற்கும் அளவு கல் பதித்த வெற்றிடமும் விடுங்கள். பனையடியில் இருக்கை வேண்டாம், காயும் கருக்குமட்டையும் விழும். பெயர்களை மரத்தில் ஆணியடித்து மாட்டாமல், அமர்ந்தபடியே தொட்டுப் படிக்கும் உயரத்தில் கல்லில் செதுக்குங்கள்.

ஊரில் சக்கர நாற்காலி இரண்டுதானே, அதற்கு இவ்வளவு செலவா என்று உங்களையும் கேட்பார்கள். கல் பதித்தால் தோப்பின் இயல்பு கெடும் என்பவர்களும் வருவார்கள். எங்கள் பாதை ஓரமாக ஒரு வளையமாகத்தான் போகிறது, உள்ளே மண் மண்ணாகவே இருக்கிறது. முழங்கால் வலியால் வீட்டை விட்டே வெளிவராத பெண்கள் பலர் இப்போது அந்தப் பாதையில் மாலையில் வருகிறார்கள். அம்மா அமாவாசைதோறும் வருகிறார். கடைசி வளைவில் என்னைக் கையை எடுக்கச் சொல்லிவிட்டுத் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு அண்ணனின் புன்னைக்குப் போகிறார். நான் அங்கேயே நின்றுகொள்வேன்.

உங்கள் நிலத்தில் வேலை தொடங்கவில்லை என்றால், ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி, அதில் ஒருவரை உட்காரவைத்துத் தெருமுனையிலிருந்து அந்த இடம்வரை தள்ளிப் பாருங்கள். எங்கெங்கே சிக்குகிறதோ அங்கெல்லாம் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். புரட்டாசிக்குள் பாதையை முடித்தால் ஐப்பசி மழையில் கன்றுகளை நட்டுவிடலாம்.