பிரீமியம் ரெடி மீல்ஸ் கம்பெனிகள் இவ்வளவு வளர்வது சுவையாலா, விளம்பரத்தாலா?

இரண்டும் வேண்டும்தான். ஆனால் என்னைக் கேட்டால் ரிட்டர்ன் என்பேன். கடையில் விற்காமல் நம்மிடமே திரும்பி வருகிற பாக்கெட். அதை அடக்கத் தெரிந்தவர் வளர்கிறார். தெரியாதவர் என்னைப்போல ராயபுரத்தில் இரண்டு ஃப்ரீசரைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்.

ஆறு வருடங்களுக்கு முன் வஞ்சிர மீன் குழம்பை உறையவைத்து விற்றேன். மாமியார் கைப்பக்குவம், காசிமேட்டில் விடியற்காலை எடுத்த மீன். இரண்டு துண்டும் குழம்பும் சேர்ந்து 240 ரூபாய். பெரம்பூர், கொளத்தூர், அண்ணா நகர் கடைகளுக்குப் போட்டேன். முதல் மாதம் எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாவது மாதத்திலிருந்து பாக்கெட்டுகள் வீடு திரும்ப ஆரம்பித்தன.

நாங்கள் பாக்கெட்டைப் படுக்கவைத்துத் தட்டையாக உறையவைப்போம். திரும்பி வந்தவை தொந்தி போட்டிருந்தன. அதாவது, நிற்கவைத்த நிலையில் குழம்பு உருகி, அடியில் இறங்கி, மறுபடியும் கல்லாகியிருக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய சரக்கு. ஒரு கடையில் ராத்திரி ஷட்டரை இறக்கும்போது ஃப்ரீசர் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போகிறார்கள். கேட்டதற்கு, "கரண்ட் பில்லு நீ கட்டுவியா?" என்றார் கடைக்காரர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, என் பாக்கெட்டில் அவருக்குக் கிடைப்பது 60 ரூபாய்.

கணக்கைப் பாருங்கள். 240-இல் கடைக்கு 60 போனால் எனக்கு 180. மீன், எண்ணெய், ஆள் கூலி, ஆட்டோ எல்லாம் சேர்த்து அடக்கம் 130. விற்றால் 50 ரூபாய் லாபம், திரும்பி வந்தால் 130 ரூபாய் நஷ்டம். நூற்றுக்கு 28 பாக்கெட் திரும்பினால் போதும், மீதி 72-இன் லாபம் மொத்தமும் காலி. இது போதாதென்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஏலத்தில் வஞ்சிரம் ஏறிக்கொண்டே போகும், பாக்கெட்டில் அச்சடித்த விலை அப்படியே நிற்கும்.

இப்போது வளர்ந்தவர்களைப் பாருங்கள். எம்டிஆர் 1924-இல் பெங்களூரில் தொடங்கிய டிபன் கடை. எமர்ஜென்சி காலத்து விலைக் கட்டுப்பாட்டில் ஓட்டல் நடத்த முடியாமல் ரெடி மிக்ஸ் பக்கம் முழுமூச்சாகத் திரும்பினார்கள். ரெடிமேட் சாப்பாட்டுக்கு மைசூரில் உள்ள ராணுவ உணவு ஆராய்ச்சிக் கூடத்தின் ரிட்டார்ட் பை தொழில்நுட்பம் கைகொடுத்தது. அலுமினியத் தாள் வைத்த பையில் சாப்பாட்டை அடைத்து ஒட்டி, அழுத்தத்தில் 121 டிகிரி வரை சூடாக்குவார்கள். அப்புறம் ஐஸும் வேண்டாம், கரண்டும் வேண்டாம், மாதக்கணக்கில் ரேக்கில் கிடக்கும். ரிட்டர்ன் தொல்லையை அங்கேயே முடித்துவிட்டார்கள். 2007-இல் நார்வேயின் ஓர்க்லா எம்டிஆர் உணவுக் கம்பெனியை வாங்கிக்கொண்டது. பருப்பும் ராஜ்மாவும் அந்தச் சூட்டைத் தாங்கும். வஞ்சிரத்தை வைத்துப் பார்த்தால் டின் மீன் ருசி வந்துவிடும், எனக்கு மனசு வரவில்லை.

இட்லி மாவு விற்கும் ஐடி ஃபிரஷ் கம்பெனியின் வழி வேறு. 2005-இல் முஸ்தபாவும் அவருடைய உறவுக்காரத் தம்பிகளும் பெங்களூரில் 50 சதுர அடி இடத்தில் இட்லி மாவு அரைக்க ஆரம்பித்தார்கள். மாவு சில நாள்தான் தாங்கும். அதனால் எந்தக் கடைக்கு இன்று எத்தனை பாக்கெட் என்பதைத் தாங்களே கணித்து, நேராகக் கடையில் கொண்டுபோய் வைத்தார்கள். நான் என்ன செய்தேன்? கடைக்காரர் ஐம்பது கேட்டால் ஐம்பதையும் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பினேன்.

இங்கிலாந்தில் சார்லி பிகம்ஸ் என்று ஒரு ரெடி மீல்ஸ் கம்பெனி. 1996-இல் ஆரம்பம், இன்றைய உயரத்துக்கு வர முப்பது வருடம் ஆகியிருக்கிறது, வேகம் என்றெல்லாம் சொல்ல முடியாது. மரத் தட்டில் இருவருக்கான சாப்பாடு, வீட்டு ஓவனில் வைத்து வேகவைத்துச் சாப்பிட வேண்டும். 2025-இல் 30 பவுண்டை ஒட்டிய விலையில் ஒன்றை இறக்கினார்கள், நம் பணத்தில் மூவாயிரத்துக்கு மேல். பத்திரிகைகள் கேலி செய்தன. அங்கே அந்தத் தட்டை ரெஸ்டாரண்ட் பில்லோடு ஒப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் அந்த விலையும் போணியாகும். வடசென்னையில் என் 240 ரூபாயை எதோடு ஒப்பிடுவார்கள்? வீட்டுக் குழம்போடுதான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் அக்கா முகத்துக்கு நேராகவே சொன்னார்: "இன்னா தம்பி, மீனு ரப்பர் மாதிரி கீது. மீன நானே காசிமேட்டுல வாங்கிக்கிறேன், கொழம்ப மட்டும் குடு."

அன்று கோபம்தான் வந்தது. இரண்டு மாதம் கழித்து ஃப்ரீசர்களை விற்றுவிட்டு அதைத்தான் செய்தேன். புளி, மிளகாய், சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் நல்லெண்ணெய் பிரியும்வரை சுண்டவைத்த தொக்கு, பாட்டிலில் அடைத்தது. தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து மீனைப் போட வேண்டியதுதான். ஆர்டர் வந்த பிறகுதான் கிண்டுகிறேன். கடைகளுக்குப் போடுவதில்லை, எல்லாம் வாட்ஸ்அப்தான். பெரிய வளர்ச்சி என்று சொல்ல மாட்டேன், வாரம் நூறு பாட்டில் தேறும்.

தடைக்காலத்தில் மட்டும் விற்பனை படுத்துவிடும். அந்த அக்கா அப்போதும் வாங்குகிறார், கருவாடும் கத்திரிக்காயும் போட்டுக் குழம்பு வைக்கிறாராம். அதற்குப் புளி கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும், உப்பைக் குறை என்று சொல்லியிருக்கிறார். வருகிற ஏப்ரலுக்குத் தனியாக ஒரு ஈடு போட்டுப் பார்க்க வேண்டும்.