மலையகத்துப் பூனைகள்: வாசகர் கேள்விகளும் கால்நடை வைத்தியர் பதில்களும்

கேள்வி (தலவாக்கலை): எங்கள் கடுவன் பூனை நேற்று முதல் ஒன்றும் உண்ணாமல் அடுப்பங்கரையில் சுருண்டு கிடக்கிறது. தொட்டால் உடம்பு சுடுகிறது. பெனடோலில் கால் வில்லையைக் கரைத்துக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கூடாது, கால் வில்லையும் வேண்டாம். பெனடோலில் உள்ள பரசிற்றமோலைப் பக்குவப்படுத்தி வெளியேற்றும் நொதியம் மனிதரின் ஈரலில் தாராளமாக உண்டு. பூனையின் ஈரலிலோ அது மிகக் குறைவு. அதனால் மருந்து நஞ்சாகத் தேங்கி, ஒட்சிசனைச் சுமக்கும் செங்குருதிக் கலங்களைக் கெடுத்துவிடும். ஈறு கபில நிறமாகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் வில்லை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். அன்பு மிகுதியால் கொடுத்துவிட்டு அழுதுகொண்டு வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஏற்கெனவே கொடுத்திருந்தால், கொடுத்த நேரத்தையும் அளவையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு, ஆனால் அது விரைவில் கிடைத்தால்தான் பயன்.

சூட்டைப் பொறுத்தவரை, பூனையின் இயல்பான வெப்பநிலையே 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை இருக்கும். மார்கழிக் குளிரில் விறைத்த கையால் தொட்டால் சுகமான பூனையும் சுடத்தான் செய்யும். எனவே சூட்டைவிட உண்ணாமையே எனக்குக் கவலை தருகிறது. கடுவன் என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள்: மண் பெட்டிக்கு மீண்டும் மீண்டும் போய், முக்கி, முனகி, ஒரு சொட்டும் விடாமல் திரும்புகிறதா? அப்படியென்றால் சிறுநீர்க் குழாய் அடைபட்டிருக்கக்கூடும். விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

கேள்வி (பண்டாரவளை): மரத்தூள் போட்ட பெட்டியில் ஒழுங்காகப் போய்வந்த பூனை, மழை தொடங்கியதிலிருந்து அரிசிச் சாக்கின் மேல் சிறுநீர் கழிக்கிறது. மூக்கைத் தேய்த்துக் கண்டித்தும் திருந்தவில்லை.

பதில்: முதலில் அந்தக் கண்டிப்பை நிறுத்துங்கள். எதற்கான தண்டனை என்று அதற்கு விளங்காது. உங்களைக் கண்டால் ஒளிந்துகொள்ள மட்டுமே கற்றுக்கொள்ளும். பிழை பெரும்பாலும் மரத்தூளில்தான் இருக்கும். பூனை பெட்டிக்குள் ஒரு காலை வைத்து, உடனே தூக்கி உதறிவிட்டுத் திரும்பினால், தூள் ஈரம் குடித்திருக்கிறது என்று பொருள். அடைமழையில் இஸ்தோப்பில் வைத்த பெட்டி காய்ந்திருக்க வழியே இல்லை. அதோடு ஒப்பிட்டால் சாக்கு எவ்வளவோ மேல். பெட்டியை உள்ளே, உணவுத் தட்டுக்கு எட்டத்தில், ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் வைத்து, வெயில் நாளில் காயவைத்த மணலைப் போட்டு, நனைந்த பகுதியை நாள்தோறும் அள்ளிவிடுங்கள். நிலத்தைக் கழுவும்போது பீனோல் கலந்த கிருமிநாசினியைத் தவிருங்கள். மேலே சொன்ன அதே ஈரல் குறைபாட்டால் அதுவும் பூனைக்கு நஞ்சு. குந்தாமல் நின்றபடி, வாலை நிமிர்த்திச் சுவரில் பீய்ச்சுவதானால் அது எல்லை குறிக்கும் பழக்கம். அதற்குக் கருத்தடைச் சத்திர சிகிச்சையே பெரும்பாலும் தீர்வாகிறது.

கேள்வி (பொகவந்தலாவை): கொழுந்து எடுக்கும்போது தேயிலைச் செடியடியில் புள்ளி போட்ட இரண்டு குட்டிகளைக் கண்டோம். வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கலாமா?

பதில்: தொடாமல் விலகி வாருங்கள். சாம்பல் கலந்த உடம்பில் வரிசையாகக் கரும்புள்ளிகளும் கட்டையான வாலும் இருந்தால், அவை சிங்கள அயலவர் ஹந்துன் திவியா என்று சொல்லும் மீன்பிடிப் பூனையின் குட்டிகளாக இருக்கலாம். அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. தாய் இரை தேடிப் போயிருக்கும். ஆளரவம் அடங்கினால் திரும்பி வரும். அந்த நிரையை அன்றைக்கு விட்டுவிட்டு வேறு நிரையில் கொழுந்து எடுக்கும்படி கங்காணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாளும் குட்டிகள் தனித்துக் கத்தினால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

கேள்வி (ஹப்புத்தளை): நான்கு மாதக் குட்டி, விளையாடும்போது மகனின் கையைக் கடிக்கிறது.

பதில்: கையை விளையாட்டுப் பொருளாக்கியது நாம்தான். கயிற்றில் கட்டிய துணிப்பந்தை இழுத்துக் காட்டுங்கள்; கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காமல் அசையாது வைத்து, விளையாட்டை அங்கேயே முடித்துவிடுங்கள். பல் பதிந்த காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலையில் காட்டுங்கள். நீர்வெறுப்பு நோய் நாயோடு மட்டும் நிற்பதில்லை. குட்டிக்குத் தடுப்பூசி போடாவிட்டால் இந்த வாரமே போடுங்கள்.

கேள்வி (ஹட்டன்): மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். பூனையை யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டொக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வெளியேறினாலும், தொற்றும் நிலையை அடைய அதற்கு ஒரு நாளாவது ஆகும். ஆகவே பெட்டியை நாள் தவறாமல் வேறொருவர் துப்புரவாக்கினால் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். பூனைக்குப் பச்சை இறைச்சி போடாதீர்கள். வீட்டுப் பின்புறத்துக் கரட், லீக்ஸ் பாத்தியில் அயல் பூனைகளும் மண்ணைக் கிளறுவதால், மருமகள் அங்கே வேலை செய்வதானால் கையுறை அணியட்டும். பிடுங்கிய மரக்கறியை மண் போக நன்றாகக் கழுவிய பிறகே சமைக்கட்டும்.